அரை மணி நேர மயக்கம்

என் வீட்டுக்காரர் பறக்கிறவர். இப்படிச் சொன்னால் ஏதோ விமானக் கம்பெனியில் வேலை என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதெல்லாம் கிடையாது. அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்கள் ஏறி இறங்குவதற்காக இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக நிற்பார். ஏழாவது நாள் ஊருக்கு வெளியே ஒரு புல் மைதானத்துக்குப் போய், ஒற்றை ஆள் உட்காருகிற குட்டி விமானத்தில் ஏறிப் பறப்பார். பறப்பார் என்று சொல்லக் கூடாது. பறந்தார். இப்போது இல்லை. அது இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனால்தான் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த விமானத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். எங்கள் டாக்டர் பெரிய இடத்துப் பிள்ளை, ஆசைப்பட்டதையெல்லாம் வாங்குவார். அப்படி வாங்கினதுதான் அது. இரண்டு தடவை பறந்தார். மூன்றாவது தடவை வேலிக்குள் இறங்கிவிட்டு, போதும்டா சாமி என்று கும்பிடு போட்டுவிட்டார். உடைந்து கிடக்கிறதே, உங்கள் வீட்டுக்காரர் மெக்கானிக்தானே, சரிசெய்து அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று என்னிடம்தான் சொன்னார். நானும் வந்து சொன்னேன். ஆக ஆரம்பமும் நான், முடிவும் நான்.

அலுமினியக் குழாய்களைக் கோர்த்து மேலே துணியில் இறக்கை. உட்காருகிறவனின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. அதை முதல் முதலாகப் பார்த்த அன்று, "என்னங்க இது, கொடியில காயப்போட்ட துணிக்கு மோட்டார் மாட்டின மாதிரி இருக்கு" என்றேன். மேலே போனால் காதுக்குள் கொசு ரீங்காரம் போடுகிற மாதிரி ஒரு சத்தம். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கொசு என்றே பெயர். ஒன்பது வருஷம் அந்தக் கொசுவில் பறந்தார். ஒரு தடவை கூட வேலிக்குள் இறங்கவில்லை.

இறங்க மாட்டார், அவர் சுபாவம் அப்படி. லிஃப்ட் மெஷின் அறையில் ஒரு பதிவு நோட்டு தொங்கும். போகிற ஆள் பார்த்த பழுதையெல்லாம் அதில் எழுத வேண்டும். சரிசெய்துவிட்ட பழுதையும் எழுத வேண்டும், இதை முக்கால்வாசிப் பேர் எழுதுவதில்லை. சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு என்று விட்டுவிடுவார்கள். அப்படி எழுதாமல் விட்ட ஒரு பிரேக், அடுத்த மாதம் வந்த இன்னொரு மெக்கானிக்கின் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்று பார்த்தவர் இவர். அதற்குப் பிறகு அவர் எழுதாத விஷயமே கிடையாது. கொசுவுக்கும் ஒரு நோட்டு போட்டார். எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், எந்தத் திருகு தளர்ந்திருந்தது, எல்லாம் இருக்கும். "கல்யாண வீட்டுல சாப்பிட்டதையும் எழுதிட்டு வாங்க" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார். அவருக்குக் கோபமே வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எனக்கு உயரம் என்றால் பயம். பயம் என்று சும்மா சொல்லவில்லை. லிஃப்ட்டில் கூட ஏற மாட்டேன். மருத்துவமனை மூன்றாவது மாடியில் இருக்கிறது. பத்து வருஷமாகப் படியேறித்தான் போனேன். லிஃப்ட்காரன் பெண்டாட்டி மூச்சு வாங்க மாடிப்படி ஏறுகிறாள் என்று கீழே கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி அந்த மயக்கக் கதை. எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்காத ஆளே இல்லை. என் மகள் பிறந்த அன்று நான் பிரசவ அறைக்குள். இவர் வெளியே வராந்தாவில், இவருடைய அக்காவோடு. குழந்தை அழுகிற சத்தம் கேட்டதும் இவர் எழுந்து நின்றார். நின்ற மாதிரியே தடாலென்று விழுந்துவிட்டார். அன்று சாயங்காலம் என் நாத்தனார் வந்து என் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். "உன் புருஷன் பெத்தானா நீ பெத்தியான்னு தெரியலை. ரெண்டு நிமிஷம் கட்டையா கிடந்தான். முகத்துல தண்ணி தெளிச்சதும் எழுந்து உக்காந்து, பொண்ணா பையனான்னு கேக்குறான்."

இவ்வளவுதான் நடந்தது. இரண்டு நிமிஷம். ஆனால் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் நான் இந்தக் கதையைச் சொல்வேன், சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதல் பிறந்த நாளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. பள்ளிக்கூடம் சேர்த்த வருஷம் பத்து நிமிஷம். பிறகு எப்போதோ அரை மணி நேரத்தில் போய் நின்றுவிட்டது, நல்ல சிரிப்பு அங்கேதான் கிடைத்தது. "நான் பிள்ளை பெத்து, குளிப்பிச்சு, பால் கொடுத்து முடிச்சாச்சு, இவரு இன்னும் எழுந்திருக்கலை. அரை மணி நேரம். அதுக்கப்புறமும் எழுந்திருக்க மனசில்லாம படுத்திருந்தாரு." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். என் நாத்தனாரும் சிரிப்பார், இப்படி இல்லை என்று ஒரு நாளும் திருத்தியதில்லை. அவர் நான்கு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பறந்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னைக்கு நம்ம வீட்டு மொட்டைமாடி தெரிஞ்சுது. நீ காயப்போட்ட பச்சைப் போர்வை கூடத் தெரிஞ்சுது. ஒரு தடவை நீ அதை மேல இருந்து பாக்கணும்" என்றார். ஒன்பது வருஷமாக இதையேதான் வேறு வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நான் வழக்கமாக ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன். அன்று, "ஒத்த சீட்டு வண்டியில எங்க, உங்க மடியிலயா உக்காந்து வர்றது? ரெண்டு சீட்டு வண்டி ஓட்டுற லைசென்ஸ் வாங்குங்க. வர்றேன்" என்றேன்.

அத்தைக்கு மீசை முளைக்கட்டும், சித்தப்பா என்று கூப்பிடுகிறேன் என்கிற மாதிரியான வாக்கு அது. நாற்பத்தேழு வயசில் யார் போய் லைசென்ஸ் வாங்குவார்கள் என்ற தைரியம் எனக்கு. அவர் சோற்றில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தார். "நெஜமாவா?" என்றார். "நெஜமாத்தான்" என்றேன். மறு வாரமே பறக்கும் பள்ளியில் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்த முதல் நாளே ஒரு அடி. ஒன்பது வருஷத்து நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பறந்திருக்கிறார். அங்கே மேசையில் இருந்த ஆள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா இந்த மணி நேரமெல்லாம் இங்க கணக்குல வராது. நீங்க பூஜ்யத்துலதான் ஆரம்பிக்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நானாக இருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன். இவர் புது நோட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

சொல்லிக்கொடுக்க ஒரு பெண். இவரைவிடப் பதினைந்து வயசு சின்னவள். இவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் முதல் நாள் சொன்னது: "சார், உங்களுக்குப் பறக்கத் தெரியாதுன்னு நெனச்சுக்கோங்க, சீக்கிரம் வரும்." அவள் சொன்னது சரிதான். கொசுவில் எஞ்சினைக் குறைத்தால் அது அந்த இடத்திலேயே சோர்ந்து இறங்கிவிடும். அதனால் தரை தொடுகிறவரை எஞ்சினை விடாமல், மூக்கைக் கீழே குத்தியபடியே வர வேண்டும். ஒன்பது வருஷம் அப்படியே கை பழகிவிட்டது. பள்ளி விமானம் கனமானது. அதே மாதிரி கொண்டுவந்தால் அது இறங்கவே மாட்டேன் என்று ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். "அது சைக்கிள், மிதிக்கிறதை நிறுத்தினா நிக்கும். இது லாரி, விட்டாலும் போய்க்கிட்டே இருக்கு" என்று எனக்குக் கையை ஆட்டி விளக்குவார். பதினோராவது பாடம் வரைக்கும் ஓடுபாதையின் பாதியைத் தாண்டித்தான் இறக்கினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நான் சொன்னேன். பன்னிரண்டாவது பாடத்தில் சரியாக இறக்கிவிட்டு வந்து, "சுடுகாட்டுக்கு முன்னாடியே போயிடுச்சு பாரு" என்றார்.

அதைவிடப் பெரிய தொல்லை ரேடியோ. கொசுவில் ரேடியோ கிடையாது. பேசுவதற்கு மேலே யாரும் கிடையாது. இங்கே எதற்கெடுத்தாலும் டவரில் இருக்கிற ஆளிடம் அனுமதி கேட்க வேண்டும், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இவருக்கோ நாலு பேர் முன்னால் பேசினாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வீட்டில் ஒத்திகை. நான் அடுப்படியில் நின்றால் நான்தான் டவர். இவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதி வைத்த தாளைப் பார்த்துப் பேசுவார்.

"டவர், தெற்கே ரெண்டு மைல்ல இருக்கேன், இறங்க அனுமதி வேணும்."

"எதுக்கு இறங்கணும்?"

"டீ குடிக்க."

"டீ இன்னும் கொதிக்கலை. சுத்திட்டு வாங்க."

"சுத்திட்டு வர்றேன், டீ இன்னும் கொதிக்கலை" என்று ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். என் மகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள். இரண்டு மாதம் எங்கள் வீடு இப்படி இருந்தது. கல்யாணம் ஆன புதிதில் கூட நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

ஒரு நாள் என்னைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய், நின்றுகொண்டிருந்த விமானத்தில் வலது பக்க இருக்கையில் உட்கார வைத்தார். பெல்ட்டை அவரே போட்டுவிட்டார். இடது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, எது என்ன முள் என்று காட்டினார். இரண்டு பேர் தோளும் இடித்தது, அவ்வளவு சின்ன இடம். இறங்கிப் போய்விடலாமா என்று கூட நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அந்த நிமிஷம் எனக்கும் ஆசை வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, நிஜமான ஆசை. மறு நாளிலிருந்து மருத்துவமனைக்கு லிஃப்ட்டில் போனேன். முதல் மாடி வரை கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வாரம் இரண்டாவது மாடி வரை, பிறகு மூன்று. அவரிடம் சொல்லவில்லை. கீழ்க்கடைக்காரர் யாரோ சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் வந்து என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

தனியாகப் பறக்க விடுவதற்கு முன்னால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றாள் டீச்சர். கொசுவுக்கு அது தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை புல் மைதானத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்குத் தெரிந்து நான் நலமாக இருக்கிறேன், எந்த மருத்துவரும் என்னைப் பறக்கத் தகுதியில்லாதவர் என்று சொல்லவில்லை, இவ்வளவுதான் அதில் இருக்கும். இந்தச் சான்றிதழுக்கோ பெரிய விண்ணப்பப் பாரம். நான்கு பக்கம். இந்த நோய் உண்டா, அந்த நோய் உண்டா என்று ஐம்பது கேள்வி.

புல் மைதானத்துச் செயலாளர் பெரிய மீசை வைத்த மனுஷன், எல்லாம் தெரிந்தவர். "பாரத்தை எங்கிட்ட கொண்டாய்யா, நான் எழுதித் தர்றேன்" என்றாராம். அங்கே அதுதான் வழக்கம். யார் லைசென்ஸுக்குப் போனாலும் மீசைக்காரர் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, அங்கிருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிடுவார். நானும் தினம் நாற்பது பேரிடம் பாரம் கொடுக்கிற ஆள்தான். பல்லைத் தவிர வேறு எதிலும் தங்களுக்குக் கோளாறு உண்டு என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இந்தப் பாரம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் நானே அப்படித்தான் எழுத வைத்திருப்பேன். எனக்குத் தெரியாது. அவர் மீசைக்காரருக்குக் கொடுக்காமல், எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பதிவு நோட்டு எழுதுகிற மாதிரி எழுதினார். சரியாகிப்போன பழுதையும் சேர்த்து.

நான் அவருக்கு முதுகைக் காட்டியபடி மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கேட்டார்.

"பாப்பா பொறந்த அன்னைக்கு நான் எவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தேன்?"

"அரை மணி நேரம்" என்றேன். திரும்பக் கூட இல்லை. "அதுக்கப்புறமும் எழுந்திருக்க மனசில்லாம படுத்திருந்தீங்க."

மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். கதையைக் கிளறிவிட்டுச் சிரிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டு மற்ற கையைத் தேய்த்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தார். கண் நன்றாக இருக்கிறதாம், காது நன்றாக இருக்கிறதாம். ஆனால் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். எதற்கு என்று கேட்டேன். எல்லாருக்கும் எடுப்பார்களாம் என்றார். பிறகு இதயத்துக்கு ஒரு சோதனை, மூளைக்கு இன்னொரு சோதனை, தலையெல்லாம் ஒயரை ஒட்டி. எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். எங்கே போகிறது என்று தெரியாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் நின்றபடியே பிரித்தேன். விண்ணப்பதாரர் தாமே தெரிவித்தபடி, காரணம் அறியப்படாத, சுமார் முப்பது நிமிடங்கள் நீடித்த நினைவிழப்பு. சோதனைகளில் அதற்கான காரணம் கண்டறிய இயலவில்லை. எனவே விமானம் ஓட்டத் தகுதியற்றவர். முப்பது என்ற எண்ணை மட்டும் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்து படித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா எவ்வளவு நேரம்னு சொன்னா?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷம்."

"நீ பாக்கலையே."

"நான் எப்படிப் பாக்க முடியும்? உள்ள இருந்தேன்."

"அப்ப ஏன் அரை மணின்னு சொன்ன?"

"சிரிப்பாங்கன்னு."

அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு அறை விட்டிருந்தால் கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "சரி, எழுதிக் கேப்போம்" என்றார்.

எழுதினேன். நான் வேடிக்கைக்காகக் கூட்டிச் சொன்னது, உண்மையில் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கடிதத்தின்படி சம்பவத்தின்போது தாங்கள் வேறு அறையில் இருந்துள்ளீர்கள். எனவே தங்கள் கூற்றைச் சாட்சியமாக ஏற்க இயலாது. நேரில் கண்டவர் அல்லது மருத்துவமனைப் பதிவு இருந்தால் அனுப்பவும். நேரில் கண்டவர் என் நாத்தனார். அவரை எங்கே போய்க் கூட்டிவருவது. மருத்துவமனையில் பதிவு எனக்கும் குழந்தைக்கும்தான் உண்டு. வராந்தாவில் விழுந்து எழுந்தவனுக்கு யார் பதிவு எழுதினார்கள்? இவர் வாழ்க்கையிலேயே எழுதாமல் விடப்பட்ட பழுது அது ஒன்றுதான் போல.

நான் விடவில்லை. பரிசோதித்த டாக்டரிடமே போனேன், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு. டாக்டர் வயசானவர், நல்ல மாதிரிதான் பேசினார். "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா. குழந்தை பொறந்த சந்தோஷத்துல ரெண்டு நிமிஷம் மயங்கினார்னு எழுதியிருந்தா நான் அந்த வரியில நின்னிருக்கவே மாட்டேன். ஆனா தள்ளுபடி ஆன பிறகு எல்லாரும் இங்க வந்து இதையேதான் சொல்றாங்க. நான் யாரை நம்புறது, யாரை விடுறது?"

"பொய் எழுதினவனையெல்லாம் பறக்க விட்டிருக்கீங்க. இவர் ஒருத்தர்தான் நெஜத்தை எழுதினாரு" என்று கத்தினேன்.

"எழுதினது நெஜம் இல்லைன்னுதானேம்மா நீங்க சொல்றீங்க" என்றார்.

அதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. கொசுவாவது இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். வருஷத்தின் முதல் மாதம் வந்தது, புல் மைதானத்தில் கையெழுத்துப் போடுகிற நாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். மீசைக்காரர் தாளை நீட்டினார். இவர் பேனாவை எடுத்தார், படித்தார், எந்த மருத்துவரும் சொல்லவில்லை என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"போடுய்யா" என்றார் மீசைக்காரர். "அந்தக் கடுதாசி உன் வீட்டுல இருக்கு. இங்க யார் பாக்கப் போறா?"

"சொல்லியிருக்காங்களே" என்றார் இவர்.

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. உனக்கே தெரியும் உனக்கு ஒண்ணும் இல்லைன்னு."

"எனக்குத் தெரியாதே. நான் மயக்கத்துல இருந்தேன்."

பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். நான் அந்த மைதானத்திலேயே அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். "உங்க நேர்மையைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து. என் தலையில அடிச்சுச் சொல்றேன், ரெண்டே நிமிஷம்தான்." அவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "உன்னை நம்பாம இல்லை. ஆனா இனிமே ஏறினா, மேல போனதும் இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருப்பேன்" என்றார். உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்பார்கள். இரண்டாவது இருக்கைக்கு ஆசைப்பட்டு, இருந்த ஒரே இருக்கையும் போயிற்று.

கொசுவின் இறக்கையை அவரே கழற்றினார். ஒவ்வொரு திருகையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே எது எதற்கு என்று எழுதி ஒட்டினார். துணியை மடித்தார். எல்லாம் இப்போது மைதானத்துக் கொட்டகையில் ஒரு மூலையில் கிடக்கிறது. விற்கவும் இல்லை, வைத்திருக்கிறேன் என்று சொல்லவும் இல்லை. டீச்சர் ஒரு தடவை போன் செய்தாள். நன்றாக இறக்கக் கற்றுக்கொண்டீர்களே சார் என்று வருத்தப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நேரத்துக்கே விழிக்கிறார். டீ போட்டுக் குடிக்கிறார். பிறகு வந்து படுத்துக்கொள்கிறார். பகலில் தூங்குகிற ஆளே இல்லை அவர். நான் பழையபடி மாடிப்படியில் ஏறி வேலைக்குப் போகிறேன். இனி எதற்கு லிஃப்ட்.

போன மாதம் மகளுக்குப் பதினேழாவது பிறந்த நாள். வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவள் என்ன பாவம் செய்தாள். என் தங்கை புருஷனோடு வந்திருந்தாள். தங்கையின் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும் தங்கை, "அக்கா, அத்தான் மயங்கி விழுந்த கதையைச் சொல்லு. இவங்க கேட்டதில்லை" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

"அது பழைய கதை, விடு" என்றேன். மகள் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்தவர்கள் சிரிப்பதற்குத் தயாராக என்னைப் பார்த்தார்கள்.

அப்போது அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தானே சொல்ல ஆரம்பித்தார். பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் அவர் வாயால் அதைச் சொன்னதில்லை. அச்சு அசல் நான் சொல்கிற மாதிரியே சொன்னார். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். "இவ பிள்ளை பெத்து, குளிப்பிச்சு, பால் கொடுத்து முடிச்சாச்சு. நான் எழுந்திருக்கலை. அரை மணி நேரம். அதுக்கப்புறமும் எழுந்திருக்க மனசில்லாம படுத்திருந்தேன்." எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் அடுப்படிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் போன பிறகு அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏங்க அரை மணின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "இனிமேலாவது ரெண்டு நிமிஷம்னு சொல்லக் கூடாதா?"

அவர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்.

"எல்லா இடத்துலயும் அரை மணின்னுதானே எழுதியிருக்கு" என்றார்.